டீசல் முள் பொய் சொன்னா டிரைவர் மேல சந்தேகப்படாதீங்க: பழைய பிக்கப்பில் கேஜை நாமே சோதிப்பது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கி, கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு வந்த குரல் செய்திகளில் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "பழைய பிக்கப் ஒண்ணு வெச்சிருக்கோம். டீசல் முள் ஒழுங்கா காட்ட மாட்டேங்குது. மீட்டரை மாத்தணுமா, டேங்க்ல இருக்கிற யூனிட்டை மாத்தணுமா?" பதிலை முதலிலேயே சொல்லிடறேன். ரெண்டையும் மாத்தறதுக்கு முன்னாடி எர்த்தைப் பாருங்க. அதுவும் நீங்க ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை பக்கம் ஓட்டறவங்களா இருந்தா கட்டாயம் எர்த்தைத்தான் முதல்ல பார்க்கணும். ஏன்னு இந்த எபிசோடு முழுக்கப் பேசப்போறோம்.

நான் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன், மெக்கானிக் கிடையாது. ஆனா ஒரு பெரிய புரோகிராமில் தப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிற முறையும், ஒரு பழைய வண்டியில் கோளாறைக் கண்டுபிடிக்கிற முறையும் ஒண்ணுதான். சந்தேகப்படுற எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தக் கூடாது. பாதியா வெட்டணும். தப்பு இந்தப் பாதியிலா, அந்தப் பாதியிலான்னு ஒரே ஒரு சோதனையில் தெரிஞ்சுக்கணும். அப்புறம் மிச்சப் பாதியை மறுபடியும் பாதியா வெட்டணும்.

எந்த மாதிரி வண்டிகளைப் பத்திப் பேசறோம்?

1988-ல் டெல்கோ, அதாவது இன்றைய டாடா மோட்டார்ஸ், டாடாமொபைல் 206 பிக்கப்பைக் கொண்டுவந்தது. அதே அடித்தளத்தில்தான் 1991-ல் சியராவும் 1992-ல் எஸ்டேட்டும் வந்தன. அதற்கு அடுத்து வந்த 207 நம்ம ஊர் மண்டி வாசலில் இன்னைக்கும் நிக்குது. இன்னொரு பக்கம், ஜீப் முகத்தோட, பின்னாடி திறந்த தொட்டி வெச்ச பழைய மஹிந்திரா வண்டிகள். இந்தத் தலைமுறை வண்டிகளில் எரிபொருள் அளக்கிற வேலையில் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ஒரு மிதவை, ஒரு மின்தடை, ஒரு வயர், ஒரு முள். அவ்வளவுதான். அதனாலதான் இதை நாமே சோதிக்க முடியும்.

இன்னொரு விஷயம். டீசல் முள் இல்லாமலேயே உலகம் ரொம்ப நாள் வண்டி ஓட்டியிருக்கு. ஃபோர்டு மாடல் டி காரில் கேஜ் கிடையாது. சீட்டைத் தூக்கி, டேங்கில் குச்சி விட்டுத்தான் அளந்தாங்க. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுக்கு 1962 மாடலில்தான் பெட்ரோல் கேஜ் வந்தது. அதுவரைக்கும் நம்ம பழைய பைக் மாதிரி ரிசர்வ் திருகுதான். ஆக, நம்ம டிரைவருங்க குச்சி விட்டுப் பார்க்கிறது பழைய, நம்பகமான முறை. இன்னைக்கு அந்தக் குச்சியும் நமக்கு வேணும். அதைக் கடைசியில் சொல்றேன்.

மிதவையில் இருந்து முள் வரைக்கும்

டேங்குக்குள்ள ஒரு மிதவை இருக்கு. அது ஒரு கம்பியின் நுனியில் இருக்கும். டீசல் ஏறினா மிதவை ஏறும், கம்பி சாயும். கம்பியின் மறுமுனையில் இருக்கிற சின்ன உலோக நாக்கு, மெல்லிய கம்பி சுற்றிய ஒரு தடத்தின் மேல நகரும். நாக்கு எங்க நிக்குதோ அதைப் பொறுத்து மின்தடை கூடும், குறையும். ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகு வேலை செய்யுற அதே விதம். இந்த மொத்த அமைப்பைத்தான் கடையில் 'டேங்க் யூனிட்'னு கேட்டு வாங்கறோம்.

டேஷ்போர்டில் இருக்கிற கேஜுக்கு ஃபியூஸ் வழியா 12 வோல்ட் வருது. கேஜில் இருந்து ஒரு வயர் டேங்க் யூனிட்டுக்குப் போகுது. யூனிட்டைத் தாண்டின பிறகு மின்சாரம் திரும்பி பேட்டரியின் மைனஸுக்கு வரணும் இல்லையா? அதுக்குத் தனியா வயர் வராது. டேங்கின் தகரம், டேங்கைப் பிடிச்சிருக்கிற போல்ட், சேசிஸ், சேசிஸில் இருந்து பேட்டரிக்கு வர்ற தடித்த வயர், இதுதான் திரும்பும் பாதை. இதைத்தான் எர்த்னு சொல்றோம். சில வண்டிகளில் யூனிட்டில் இருந்து ஒரு சின்ன கறுப்பு வயர் சேசிஸில் ஒரு போல்ட்டுக்குப் போகும். அந்த ஒரு போல்ட்தான் இன்னைக்கு நம்ம கதாநாயகன், வில்லன் ரெண்டும்.

கேஜுகளில் ரெண்டு வகை. ஒண்ணு சுருள் வகை: ரெண்டு காந்தச் சுருள் முள்ளை இழுக்கும். சாவி போட்ட உடனே முள் டக்குன்னு எழும். இன்னொண்ணு வெப்ப வகை: உள்ள இருக்கிற ஈருலோகப் பட்டை சூடாகி வளையும். சாவி போட்டா முள் மெதுவா, சில நொடி எடுத்து ஏறும். வெப்ப வகைக்குச் சீரான வோல்ட்டேஜ் தேவை. அதுக்குன்னு ஒரு சின்ன ஸ்டெபிலைசர் இருக்கும். பழைய பிரிட்டிஷ் ஸ்மித்ஸ் கேஜ்களில் அது சராசரியா 10 வோல்ட் தரும். பழைய ஃபோர்டு வண்டிகளில் 5 வோல்ட். இந்த ஸ்டெபிலைசரே டெம்பரேச்சர் கேஜுக்கும் பொதுவா இருக்கும். அதனால டீசல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒண்ணா தப்பு காட்டினா டேங்க் பக்கமே போகாதீங்க. ஸ்டெபிலைசரையும் அதோட எர்த்தையும் பாருங்க.

முள் எந்தப் பக்கம் பொய் சொல்லும்?

இங்கதான் நிறைய பேர் குழம்பறாங்க. எல்லாக் கம்பெனியும் ஒரே அளவு மின்தடை வெச்சதில்லை. பழைய அமெரிக்க ஜீப் வகையில் டேங்க் காலின்னா சுமார் 73 ஓம், ஃபுல்லுன்னா சுமார் 10 ஓம். அமெரிக்காவில் பொதுவா விக்கிற யூனிட்டில் காலி 240, ஃபுல் 33. ஜெர்மன் விடிஓ வகையில் தலைகீழ்: காலி 10, ஃபுல் 180. முப்பது வருஷம் ஓடின வண்டியில் கேஜ் ஒரு வகையாவும், நடுவில் யாரோ மாத்தின யூனிட் இன்னொரு வகையாவும் இருக்கலாம். அப்படி இருந்தா ரெண்டும் தனித்தனியா நல்லா இருந்தாலும் முள் ஒரு நாளும் சரியா காட்டாது. அதனால புத்தகத்தை மட்டும் நம்பாம, வண்டியை அளந்து பாருங்க.

இப்போ எர்த் போல்ட்டில் துரு பிடிச்சிருக்குன்னு வையுங்க. துரு என்ன பண்ணும்? பாதையில் கூடுதல் மின்தடையைச் சேர்க்கும். 73-10 வகையில் ஃபுல் டேங்கில் இருக்கவேண்டியது 10 ஓம். துரு இன்னொரு 10 ஓம் சேர்த்தா கேஜுக்குத் தெரியறது 20. அந்த வகையில் பாதி டேங்க் என்பது சுமார் 23 ஓம். ஆக, ஃபுல் டேங்க் அடிச்ச வண்டி பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் காட்டும். அதே துரு விடிஓ வகையில் இருந்தா முள் இருக்கிறதைவிட அதிகமா காட்டும். முதல் பொய் சண்டையை உண்டாக்கும். ரெண்டாவது பொய் உங்களை நடுரோட்டில் நிறுத்தும்.

டீசல் வண்டி நடுரோட்டில் நின்னா, கேனில் அஞ்சு லிட்டர் வாங்கி ஊத்தினா கிளம்பாது. லைனில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் மேல இருக்கிற திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அடிச்சு, குமிழி நிக்கிற வரைக்கும் காற்றை எடுக்கணும். அதுக்கும் மசியலைன்னா இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி, செல்ஃப் அடிச்சு எடுக்கணும். ராத்திரி பதினோரு மணிக்கு, தேசிய நெடுஞ்சாலை 48-ன் ஓரத்தில், பக்கத்துல லாரிகள் பறக்கும்போது செய்யுற வேலையா அது?

நம்ம ஊரில் உப்பு ஏன் பெரிய விஷயம்?

பச்சைத்தோல் டேனரிக்கு வர்ற வரைக்கும் அழுகாம இருக்கணும். அதுக்கு உப்பு போடுவாங்க. தோலின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் வரைக்கும் உப்பு. அந்த உப்புத்தோலை அடுக்கித்தான் பிக்கப்பில் ஏத்தறோம். உப்பு, தோலில் இருக்கிற ஈரத்தை இழுத்துத் தண்ணியா விடும். அந்த உப்புத்தண்ணி தொட்டியின் இடுக்கு வழியா சொட்டி எங்க போகுது? நேரா சேசிஸ் மேல, டேங்க் மேல, அந்த எர்த் போல்ட் மேல.

காஞ்சுபோச்சுன்னா சரியாயிடும்னு நினைக்காதீங்க. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா காய்ஞ்ச உப்பே ஈரத்தை உறிஞ்சி மறுபடி தண்ணியாகும். ஐப்பசி, கார்த்திகை ராத்திரிகளில் அது சாதாரணம். அதுக்கு மேல, எர்த் வயரின் நுனி செம்பு, சேசிஸ் இரும்பு. ரெண்டு வேற உலோகம் தொட்டுக்கிட்டு நடுவில் உப்புத்தண்ணி இருந்தா அதுவே ஒரு குட்டி பேட்டரி. அதில் அரிபடறது இரும்பு. வெளியில் இருந்து பார்த்தா போல்ட் இறுக்கமா, நல்லா இருக்கிற மாதிரி தெரியும். செம்பு நுனிக்கு அடியில் இருக்கிற முகம் மட்டும் துருவா மாறியிருக்கும். துரு மின்சாரத்தை ஒழுங்கா கடத்தாது.

கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பண்ற வேலையை, கடலே இல்லாத நம்ம பாலாற்றுக் கரையில் தோல் லோடு பண்ணுது. அதனாலதான் ஆரம்பத்திலேயே சொன்னேன், இந்தப் பக்கம் எர்த்தில் இருந்து தொடங்குங்கன்னு.

ஒரு நிஜக் கதை

எங்க சித்தப்பா ஆம்பூரில் ஒரு பழைய டீசல் பிக்கப் வெச்சிருக்கார். உப்புத்தோல் லோடு, சில நாள் ஷூ கம்பெனிக்கு அட்டைப்பெட்டி லோடு. டிரைவர் அண்ணன் அவர்கிட்ட பல வருஷமா இருக்கிறவர். கொஞ்ச மாசமா ரெண்டு பேருக்கும் பேச்சு சரியில்லை. காரணம் டீசல். பகலில் டேங்க் அடிக்கும்போது முள் முக்காலுக்கு மேல நிக்கும். வாணியம்பாடி போய் இருட்டினதும் திரும்பி வருவார். போக, வர 40 கிலோமீட்டர். நாலு லிட்டர் செலவாகியிருக்கும். ஆனா வீட்டு வாசலில் சித்தப்பா எட்டிப் பார்த்தா முள் காலுக்கு வந்திருக்கும். விடிகாலை இருட்டுலேயே மறுபடி லோடுக்குக் கிளம்பிடுவார், அப்பவும் முள் காலில்தான். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல விக்கிற டீசல். "மிச்சம் எங்கப்பா போச்சு?"ன்னு கேட்டார். அந்த அண்ணன் என்ன பதில் சொல்வார்? "நான் எடுக்கலை முதலாளி"ன்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சது. சம்பளத்தில் பிடிக்கிற அளவுக்குப் பேச்சு போயிடுச்சு.

என்கிட்ட விஷயம் வந்தப்போ நான் கேட்டது ஒண்ணுதான்: "சித்தப்பா, நீங்க முள்ளைப் பார்க்கும்போது எல்லாம் லைட் எரிஞ்சிட்டு இருந்துச்சா?" யோசிச்சுப் பார்த்தா ஆமா. அவர் சந்தேகப்பட்ட ஒவ்வொரு தடவையும் இருட்டு நேரம்.

வண்டியை வாசலிலேயே நிறுத்தி, சாவியை மட்டும் போட்டோம். முள் முக்காலைத் தாண்டி நின்னது. பார்க் லைட் போட்டோம், முள் இறங்கிச்சு. அண்ணனை பிரேக் மிதிக்கச் சொன்னேன், முள் காலுக்குக் கீழ போச்சு. காலை எடுத்தார், ஏறிச்சு. மறுபடி மிதிச்சார், இறங்கிச்சு. சித்தப்பா நாலைஞ்சு தடவை மிதிக்கச் சொல்லிப் பார்த்தார். ஒரு சொட்டு டீசல் எங்கேயும் போகலை, முள் மட்டும் ஆடிட்டு இருக்கு. குச்சி விட்டும் பார்த்தோம். இருக்கவேண்டிய டீசல் அப்படியே இருந்தது. சித்தப்பா அண்ணனோட தோளைத் தட்டி, "வாப்பா, டீ சாப்பிடலாம்"னார். எங்க வீட்டில் மன்னிப்பு அப்படித்தான் கேட்பாங்க.

என்ன நடந்தது? டேங்க் யூனிட்டும் பின்பக்க லைட்டும் ஒரே போல்ட்டில் எர்த் எடுத்திருந்தாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. பின் லைட் ரெண்டு, நம்பர் பிளேட் லைட் ஒண்ணு, தலா 5 வாட். மொத்தம் 15 வாட். பிரேக் மிதிச்சா ரெண்டு 21 வாட் பல்பு சேரும். அந்தத் துருப்பிடிச்ச போல்ட்டில் 2 ஓம் தடை இருக்குன்னு வெச்சா, லைட் போட்டதும் போல்ட்டில் ஏறக்குறைய 2 வோல்ட் நிக்கும். பிரேக் மிதிச்சதும் 5 வோல்ட்டைத் தாண்டும். பூஜ்யமா இருக்கவேண்டிய இடத்தில் 5 வோல்ட்! டேங்க் யூனிட்டின் காலுக்குக் கீழ தரையே உயர்ந்துபோச்சு. கேஜ் வழியா ஓடுற மின்சாரம் குறையும், முள் இறங்கும்.

இதில் டீசலைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. போல்ட்டில் 5 வோல்ட் நின்னா பிரேக் லைட்டுக்குக் கிடைக்கிறது மிச்சம் 7 வோல்ட்தான். மங்கலா, மஞ்சளா எரியும். ராத்திரி ஹைவேயில் பின்னாடி வர்ற லாரிக்கு நம்ம வண்டி பிரேக் பிடிக்குதுன்னே தெரியாது. முள் சொன்ன பொய் உண்மையில் ஒரு எச்சரிக்கை.

நீங்களே செய்யக்கூடிய சோதனைகள், வரிசைப்படி

முதல்ல பாதுகாப்பு. 'டீசல் தீப்பிடிக்காது'ன்னு ஒரு பேச்சு உண்டு. இந்தியத் தரக்கட்டுப்பாட்டின்படி டீசலின் தீப்பற்று வெப்பநிலை குறைந்தபட்சம் 35 டிகிரி. வேலூர் வெயில் மே மாசம் 40-ஐத் தாண்டும். சூடான டேங்கின் வாயில் ஆவி இருக்கும். அதனால டேங்க் திறந்திருக்கும்போது வயரை உரசிப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். பெட்ரோல் வண்டின்னா இன்னும் பத்து மடங்கு ஜாக்கிரதை. பீடி, சிகரெட் பத்தி நான் சொல்லத் தேவையில்லை.

ஒண்ணு: பார்த்துத் தெரிஞ்சுக்கிறது. மற்ற கேஜ்கள் சரியா காட்டுதா? ஃபியூஸ் நல்லா இருக்கா? லைட் போட்டா, பிரேக் மிதிச்சா, இண்டிகேட்டர் போட்டா முள் ஆடுதா? ஆடினா பாதி வேலை முடிஞ்சது, எர்த்தான். வெப்ப வகை கேஜா இருந்தா முள் மெதுவாத்தான் நகரும். பிரேக்கை அரை நிமிஷம் மிதிச்சே வெச்சுப் பாருங்க.

ரெண்டு: தற்காலிக எர்த். ஒரு நீளமான வயர் எடுத்து, முதல்ல டேங்க் யூனிட்டின் உடலில், எர்த் வயர் வர்ற இடத்தில், கிளிப் பண்ணுங்க. சாவி ஆஃப்ல இருக்கட்டும். மறுமுனையைக் கடைசியா பேட்டரி மைனஸில் மாட்டுங்க. அப்போ பொறி வந்தாலும் டேங்குக்குத் தூரத்தில்தான் வரும். இப்போ சாவி போட்டுப் பாருங்க. முள் சரியாயிடுச்சுன்னா சோதனை முடிஞ்சது. எந்தப் பொருளும் வாங்க வேண்டாம்.

மூணு: மல்டிமீட்டரில் வோல்ட் பார்க்கிறது. டிசி வோல்ட்டில் வெச்சு, ஒரு முனை யூனிட்டின் உடலில், இன்னொரு முனை பேட்டரி மைனஸில். சாவி ஆன், லைட் ஆன், ஒருத்தர் பிரேக் மிதிக்கட்டும். 0.1, 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா எர்த் நல்லா இருக்கு. அதுக்கு மேல ஏறினா இல்லை. இங்க ஒரு எச்சரிக்கை: நிறைய பேர் மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வெச்சுப் பார்த்துட்டு, "சத்தம் வருது, எர்த் நல்லாத்தான் இருக்கு"ன்னு விட்டுடறாங்க. பெரும்பாலான மீட்டர் 30 ஓம் வரைக்கும்கூட பீப் அடிக்கும். நமக்கு 2 ஓமே பிரச்சனை. அதனால மின்சாரம் ஓடும்போது வோல்ட் பாருங்க, பீப்பை நம்பாதீங்க.

நாலு: எர்த் சரியா இருந்தும் முள் தப்புன்னா, இப்போ பாதியா வெட்டுங்க. டேங்க் யூனிட்டுக்கு வர்ற கேஜ் வயரைக் கழட்டுங்க. டேங்குக்குத் தள்ளி, வழியில் ஒரு கனெக்டர் இருந்தா அங்கேயே கழட்டறது நல்லது. சாவி போட்டுப் பாருங்க: முள் ஒரு கோடிக்குப் போகும். சாவியை ஆஃப் பண்ணி, அந்த வயரை ஒரு 10 ஓம் ரெசிஸ்டர் வழியா சேசிஸின் சுத்தமான இடத்தில் மாட்டி, ஒரு சில நொடி மட்டும் சாவி போடுங்க: முள் மறுகோடிக்குப் போகணும். நேரடியா எர்த் பண்ணி ரொம்ப நேரம் வெச்சா சில கேஜ்களின் சுருள் கருகிடும், அதுக்குத்தான் ரெசிஸ்டர். முள் ரெண்டு கோடிக்கும் போச்சுன்னா கேஜும் நல்லது, வயரும் நல்லது, கோளாறு டேங்குக்குள்ள. போகலைன்னா கோளாறு டேஷ்போர்டுக்கும் அந்தக் கனெக்டருக்கும் நடுவில். வயர் கழட்டினப்போ முள் காலி காட்டினா உங்க வண்டி ஜீப் வகை. ஃபுல் காட்டினா விடிஓ வகை. ஒரே சோதனையில் ரெண்டு பதில்.

அஞ்சு: டேங்குக்குள்ளன்னு தெரிஞ்ச பிறகு யூனிட்டை வெளியே எடுக்கலாம். பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு, டேங்கில் டீசல் பாதிக்குக் கீழ இருக்கும்போது, மேல இருக்கிற உப்பையும் மண்ணையும் நல்லா துடைச்சிட்டு எடுங்க. இல்லைன்னா மொத்த மண்ணும் டேங்குக்குள்ள போய், நாளைக்கு ஃபில்டர் அடைக்கும். வெளியே எடுத்து மல்டிமீட்டரை ஓமில் வெச்சு, மிதவையை மெதுவா கீழ இருந்து மேல தூக்குங்க. எண் சீரா கூடணும், இல்லை சீரா குறையணும். நடுவில் திடீர்னு எண் காணாமப் போனா அந்த இடத்தில் தடம் தேஞ்சிருக்கு. பாதி டேங்க் வந்ததும் முள் பொத்துனு விழுறதுக்கு அதுதான் காரணம். அப்புறம் மிதவையைக் காதுகிட்ட வெச்சு ஆட்டுங்க. உள்ள தளும்புற சத்தம் கேட்டா ஓட்டை, உள்ள டீசல் ஏறியிருக்கு. எவ்வளவு அடிச்சாலும் மிதவை கீழயேதான் கிடக்கும். பித்தளை மிதவைன்னாலும் அப்படியே எடுத்துட்டுப் போய் ஈயம் வைக்காதீங்க. உள்ள இருக்கிற ஆவி வெடிக்கும். புதுசா மாத்திடுங்க.

சரிபண்றது எப்படி?

எர்த்தா இருந்தா வேலை சுலபம். போல்ட்டைக் கழட்டி, சேசிஸின் முகத்தை உப்புத்தாள் போட்டுப் பளபளன்னு இரும்பு தெரியுற வரைக்கும் தேய்ங்க. பெயிண்ட்டும் இருக்கக் கூடாது. வயர் நுனியில் புது வளைய டெர்மினல், பல்லு வெச்ச வாஷர், புது போல்ட். இறுக்கின பிறகு, கவனிங்க, இறுக்கின பிறகுதான், மேல கிரீஸோ வேஸ்லினோ தடவுங்க. அதோட நிக்காம, டேங்க் யூனிட்டில் இருந்து பேட்டரி மைனஸ் வரைக்கும் ஒரு 2.5 சதுர மில்லிமீட்டர் கறுப்பு வயரைத் தனியா இழுத்துடுங்க. பின் லைட்டுக்கு இன்னொரு எர்த் போல்ட். ரெண்டும் ஒரே இடத்தில் சேர வேண்டாம். எங்க சித்தப்பா வண்டியில் வயர், டெர்மினல் எல்லாம் சேர்த்து 300 ரூபாய் ஆகலை. லைட், பிரேக் எல்லாம் போட்டு அளந்தப்போ 0.05 வோல்ட்.

அப்புறம் அது திரும்ப வராம பார்த்துக்கணும். உப்புத்தோல் ஏத்துறதுக்கு முன்னாடி தொட்டியில் தார்பாய் விரிங்க. லோடு இறக்கின பிறகு தொட்டியை மட்டும் கழுவாம, அடியில் சேசிஸையும் டேங்க் மேல்பக்கத்தையும் நல்ல தண்ணியில் கழுவுங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அந்த வோல்ட் சோதனை. ரெண்டு நிமிஷ வேலை.

கடைசியா, குச்சி

முள் சரியான பிறகும் அதை ஒரு முறை பழக்கணும். டேங்க் கிட்டத்தட்ட காலியா இருக்கும்போது சமதளத்தில் நிறுத்தி, அஞ்சு அஞ்சு லிட்டரா அளந்து ஊத்துங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு சுத்தமான மரக்குச்சியை விட்டு, நனைஞ்ச இடத்தில் கத்தியால் ஒரு கோடு. பக்கத்திலேயே முள் எங்க நிக்குதுன்னு ஒரு தாளில் எழுதி வையுங்க. டேங்க் செவ்வகப் பெட்டி மாதிரி இருக்கணும்னு இல்லை. அடியில் குறுகி, மேல விரிஞ்சிருக்கும். அதனால முள் பாதியில் நின்னா டேங்கிலும் பாதின்னு அர்த்தமில்லை. அந்தக் குச்சியைக் கேபினிலேயே போட்டு வையுங்க. முதலாளிக்கும் டிரைவருக்கும் நடுவில் சந்தேகம் வந்தா, ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்க ஒரு அளவு இருக்கும்.

ஒரு வார்த்தையில் சொல்லணும்னா, கருவி சொல்றதை வெச்சு மனுஷனை எடைபோடறதுக்கு முன்னாடி, அந்தக் கருவி எதன் மேல நின்னு பேசுதுன்னு பாருங்க. பழைய வண்டியில் அது பெரும்பாலும் ஒரு துருப்பிடிச்ச போல்ட்.

அடுத்த எபிசோடில் அதே உப்பும் துருவும் ஸ்டார்ட்டர் மோட்டாரை என்ன பண்ணுதுன்னு பார்க்கலாம். லைட் போட்டா உங்க வண்டி முள் ஆடுதான்னு இன்னைக்கு ராத்திரியே பாருங்க. ஆடினா எந்த வண்டி, எத்தனை வோல்ட்னு ஒரு குரல் செய்தி அனுப்புங்க.